பின்பக்கத்து எண்ணைத் தேய்த்துவிடாதீர்கள்

பதக்கமும் பேட்ஜும் சேகரிக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாணயம், தபால்தலை, பதக்கம் என்று சேகரிக்கிறவர்கள் சென்னையிலும் கோவையிலும் கொழும்பிலும் இருக்கிறீர்கள். நான் வாழும் இங்கிலாந்திலும் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் பேட்ஜ்களை இப்போது பலரும் வாங்குகிறீர்கள். சின்னப் பொருள், தபாலில் வந்துவிடும், பெரிய விலையும் இல்லை. அந்த பேட்ஜ்களில் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டவை பற்றி உங்களிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் லீட்ஸ் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பொத்தான்கள் கிடந்த தட்டில், ஒரு முக்கோணப் பித்தளை பேட்ஜ் கண்ணில் பட்டது. முன்பக்கம் ‘போர்ப் பணியில், 1916’ என்ற பொருளில் ஆங்கில எழுத்து. பளபளவென்று இருந்தது. விற்றவர் பெருமையாகச் சொன்னார்: “ரெண்டு பக்கமும் மெஷின்ல கொடுத்து பாலிஷ் போட்டேன்.” வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எண் இருந்த இடம் மழுங்கிப் போயிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதல் எண்கள் தெரிகின்றன. கடைசி இரண்டும் போய்விட்டன.

பித்தளை என்றால் நமக்குக் கை சும்மா இருக்காது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கியே பழகியவர்கள் நாம். ஆனால் நம் வீட்டுப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். கடையில் வாங்கும்போதே பெயர் வெட்டித் தரச் சொல்லுவோம். கல்யாணச் சீர்ப் பாத்திரம் நாலு வீடு மாறிப் போனாலும், அடியிலோ விளிம்பிலோ இருக்கும் அந்த எழுத்தைப் பார்த்து “இது பெரியத்தை வீட்டுது” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த பேட்ஜில் பெயர் இல்லை. பெயருக்குப் பதிலாக இருப்பது அந்த எண் ஒன்றுதான். அதைத் தேய்ப்பது பாத்திரத்தில் வெட்டிய பெயரைத் தேய்ப்பது போல.

இந்த முக்கோண பேட்ஜ் 1916 மே மாதத்திலிருந்து போர்ப் பணியில் இருந்த பெண்களுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே ஆண்களுக்கு ஒரு பேட்ஜ் வந்துவிட்டது. “ஏன் படையில் சேரவில்லை” என்று தெருவில் கேட்பவர்களுக்கு ஆண்கள் காட்டவேண்டிய பதில் அது. பெண்ணை அப்படி யாரும் கேட்கப் போவதில்லை. அவளுக்கு இந்தச் சின்னம் சொன்னது வேறு: நானும் இந்தப் போரில்தான் இருக்கிறேன்.

இங்கே பார்ன்போ என்ற இடத்தில் ஒரு குண்டுத் தொழிற்சாலை இருந்தது. லீட்ஸ் நகரின் கிழக்கு ஓரம், கிராஸ்கேட்ஸுக்கும் கார்ஃபோர்த்துக்கும் நடுவே. பதினாறாயிரம் பேர் வேலை பார்த்த இடம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்கள். வெடிமருந்து நிரப்பும் அறைக்குள் போகும் முன் தங்கள் உடைகளைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலை தரும் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொள்ள வேண்டும். தீக்குச்சி கூடாது. தலையில் கொண்டை ஊசிகூட இருக்கக் கூடாது, ஒரு பொறி பறந்தால் போதும். இதைப் படித்த அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உலோக பேட்ஜை அந்த அறைக்குள் குத்திக்கொண்டு போயிருக்கவே முடியாது. எந்த வேலைக்காக அதைக் கொடுத்தார்களோ அந்த வேலையின்போது அது கோட்டில் தொங்கிக்கொண்டு வெளியே இருந்திருக்கும். ரயிலில், டிராமில், ரொட்டிக் கடை வரிசையில்தான் அதைக் குத்திக்கொண்டு நின்றிருப்பாள். டி.என்.டி. என்ற வெடிமருந்து பட்டுத் தோலும் முடியும் மஞ்சளாகிப் போன பெண்களை ஊரார் ‘கேனரி’ என்று அந்த மஞ்சள் குருவியின் பெயரால் கூப்பிட்டார்கள். அந்த மஞ்சள் முகத்துக்குக் கீழே, கோட்டின் மேல், இந்த முக்கோணம்.

1916 டிசம்பர் 5 இரவு, பார்ன்போவின் 42-ஆம் எண் அறையில் ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். பலருடைய உடலை அடையாளம் காண உதவியது அவர்கள் கழுத்தில் போட்டிருந்த அடையாள வில்லைதான். செய்தி தணிக்கை செய்யப்பட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்புகளில் ‘விபத்தில் இறந்தார்’ என்று மட்டும்தான் இருந்தது. எந்த இடத்தில், எப்படி என்று ஒரு சொல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் வேறு பெண்கள் தாங்களாகவே முன்வந்து அதே அறையில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

யார்க் பேராலயத்தில் ‘ஐந்து சகோதரிகள்’ என்று ஒரு பழைய கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. முதல் போரில் இறந்த பேரரசின் பெண்களுக்கு நினைவாக அதைச் செப்பனிட்டு 1925-ல் திறந்துவைத்தார்கள். பக்கத்திலேயே ஓக் மரப் பலகைகளில் ஆயிரத்து நானூறு பெண்களுக்குக் குறையாமல் பெயர் எழுதியிருக்கிறது. செவிலிகளோடு வெடிமருந்துத் தொழிலாளிகளும் அதில் இருக்கிறார்கள். அதன் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். இறந்தவர்களுக்காவது ஒரு பலகை கிடைத்தது. பிழைத்து, பேட்ஜைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்பிய லட்சக்கணக்கான பெண்களுக்கு அதுவும் இல்லை. பல வீடுகளில் மிஞ்சியது அந்த டப்பா மட்டும்தான். அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

சரி, எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். எந்த பேட்ஜ் என்பதைப் பொறுத்தது.

எளிதாகப் பிடி கிடைப்பது வெள்ளி பேட்ஜ். காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்காக 1916 செப்டம்பரில் ஏற்படுத்தியது. ‘மன்னருக்கும் பேரரசுக்கும், ஆற்றிய சேவைக்காக’ என்று சுற்றி எழுதியிருக்கும். மொத்தம் பதினோரு லட்சத்துக்கும் மேல் வழங்கியிருக்கிறார்கள். 1918 ஏப்ரலிலிருந்து செவிலிகள், உதவிப் பணியில் இருந்த பெண்கள் என்று வரம்பு விரிந்தது. அதனால் உங்களிடம் இருப்பது ஒரு பெண்ணுடையதாகவே இருக்கலாம், ‘சிப்பாயின் பேட்ஜ்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதற்கான பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் WO என்ற போர் அலுவலக வரிசையில், 329-ஆம் தொகுப்பில் இருக்கின்றன. இணையத்தில் கட்டணம் கட்டியும் தேடலாம். பேட்ஜ் எண், பெயர், படைப் பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகக் காரணம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, பேட்ஜ் எண்ணைப் படைச் சேவை எண் என்று நினைத்துத் தேடுவது. இரண்டும் வேறு வேறு. மற்றொன்று, எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தை விட்டுவிடுவது. கடற்படை, விமானப்படை பேட்ஜ்களில் எண்ணுக்கு முன் அந்தப் படையின் முதலெழுத்துகள் இருக்கும். விற்பனை அறிவிப்பில் “எண் இருக்கிறது” என்று மட்டும் போட்டுவிட்டு எழுத்தை விட்டுவிட்டால், தேடுகிறவர் முற்றிலும் வேறொருவரின் வரியில் போய் நிற்பார்.

இந்த வெள்ளி பேட்ஜ் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு தகவல் உண்டு. தொலைந்தால் வேறு தரமாட்டோம் என்று போர் அலுவலகம் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டது. ஆனால் யாராவது கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் அது போர் அலுவலகத்துக்கு வந்து சேரும். எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். படையை விட்டு விலகும்போது கொடுத்த முகவரியில் ஆள் இருந்தால் பேட்ஜ் திரும்பிப் போகும். ஆக, சொந்தக்காரரிடம் திருப்பிச் சேர்ப்பது நானோ நீங்களோ இன்று கண்டுபிடித்த பொழுதுபோக்கு இல்லை. அந்த எண்ணால் அன்றே ஆன வேலை அதுதான். நடுவில் நூறு வருடம் ஓடிவிட்டது, அவ்வளவே.

முக்கோண பேட்ஜுக்கு அப்படி உட்கார்ந்து தேட ஒரு பட்டியல் நம் கைக்கு எட்டுவதில்லை. இதை மறைத்துச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் பட்டியல் இல்லாத பொருளுக்குத்தான் கூட வந்த காகிதம் உயிர். ஒரு தொழிற்சாலை விடுவிப்புக் கடிதம், ஒரு புகைப்படம், உறையில் ஒரு முகவரி, டப்பாவின் மூடியில் பென்சிலால் எழுதிய ஒரு பெயர், இவைதான் அந்த எண்ணுக்கு ஆளைக் காட்டும். ஒரு முறை ஒரு விற்பனையாளரின் மேசையில் முக்கோண பேட்ஜ் குத்திய ஒரு பெண்ணின் படம் பார்த்தேன். பேட்ஜும் படமும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று அவரே சொன்னார். “சேர்த்துத் தருகிறீர்களா” என்று கேட்டேன். பேட்ஜ் காலையிலேயே போய்விட்டது, தனித்தனியாக விற்றால்தான் கட்டுப்படியாகும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு பெண்ணை அவள் எண்ணிலிருந்து பிரிக்க அரை நாள் போதுமாயிருந்தது. இனி யார் முயன்றாலும் அந்த இரண்டையும் ஒட்டவைக்க முடியாது.

பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெண்ணைத் தேடுவதில் உண்மையான பாடு அப்புறம்தான் ஆரம்பம். நம் ஊரில் கல்யாணம் ஆனதும் இனிஷியல் அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறுவது போல, இங்கே குடும்பப் பெயர் மாறிவிடும். 1917-ல் பதிவேட்டில் இருக்கும் பெயர் 1921-ல் இருக்காது. ஆண்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சுவர் இல்லை.

அந்தச் சுவரில் சில கதவுகள் இருக்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவு அட்டவணையில் 1912 தொடக்கத்திலிருந்து பெயருக்குப் பக்கத்திலேயே துணையின் குடும்பப் பெயரும் இருக்கும். பிறப்பு அட்டவணையில் 1911-ன் மூன்றாம் காலாண்டிலிருந்து தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். முதல் அட்டவணையை வைத்து அவள் புதுப் பெயரையும், இரண்டாவதை வைத்து அவள் பிள்ளைகளையும் தேடலாம். ஸ்காட்லாந்தில் இன்னும் நல்லது. அங்கே ஒரு பெண்ணின் மரணத்தைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம், கணவர் பெயரிலும் தேடலாம். இங்கிலாந்து எல்லையில் இருந்த கிரெட்னா கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் மட்டும் 1917-ல் பதினோராயிரம் பெண்களுக்கு மேல் இருந்தார்கள். அவர்களைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. அவர்கள் பிசைந்த வெடிமருந்துக் கலவையைப் பார்த்துத்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாய்ல் ‘சாத்தானின் கஞ்சி’ என்று எழுதினார். கிரெட்னா பக்கத்து ஈஸ்ட்ரிக்ஸில் இன்று அதே பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களின் கதைகளைச் சேர்க்கிறார்கள்.

பிறகு 1939-ஆம் வருடப் பதிவேடு, இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பொதுமக்களைப் பதிந்தது. என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 மக்கள்தொகைக் கணக்கு 1942-ல் தீயில் எரிந்துபோனது. 1941-ல் கணக்கெடுக்கவே இல்லை. நடுவில் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவு மட்டும்தான் நிற்கிறது. அதில் முழுப் பிறந்த தேதி இருக்கும். அதைவிட முக்கியம், பிற்பாடு தேசிய சுகாதாரச் சேவைக்கும் அதே பதிவேட்டைப் பயன்படுத்தியதால், கல்யாணம் ஆன பெண்களின் பழைய பெயரை அடித்துப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரே வரியில் இரண்டு பெயர்! நான் தேடிய ஒரு வெள்ளி பேட்ஜின் சொந்தக்காரியை அப்படித்தான் பிடித்தேன். துணைச் செவிலியாக இருந்து, உடல் கெட்டு விடுவிக்கப்பட்டவள். தொழில் என்ற இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? ‘ஊதியமில்லா வீட்டு வேலை’. அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கும் அதே சொற்கள்தான். அவர்களில் எத்தனை பேர் குண்டுக்கு மருந்து நிரப்பினார்கள், எத்தனை பேர் பிரான்சில் காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள் என்று அந்தப் பக்கம் சொல்லாது. டப்பாவில் கிடக்கும் எண்தான் சொல்லும். முப்பது வருடம் கட்டுப்போட்ட கையோடு அந்த வரியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செஞ்சிலுவைச் சங்கத்துக்காகத் தொண்டு செய்தவர்களுக்கு வேறொரு வழி உண்டு. சங்கத்தின் தொண்டர் அட்டைகள் சுமார் 2,44,000 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முகவரி, பணி செய்த இடம், சிலவற்றில் எத்தனை மணி நேரம் என்றுகூட இருக்கும். செஞ்சிலுவை பேட்ஜ்கள் சிலவற்றில் எண்ணோடு பெயரும் வெட்டியிருப்பார்கள். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் பாதி வழி தாண்டிவிட்டீர்கள்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பெண்கள் துணைப் படையில் இருந்தவர்கள் விஷயத்தில் மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 1917-ல் தொடங்கிய அந்தப் படையில் ஐம்பத்தேழாயிரம் பேர் வரை பணி செய்தார்கள். 1940-ல் லண்டனில் போர் அலுவலகக் கிடங்கின் மேல் குண்டு விழுந்து கோப்புகள் எரிந்தன. மிஞ்சியது ஏழாயிரம் பேருடைய கோப்புகள்தான். எட்டுப் பேரைத் தேடினால் ஒருத்தி கிடைப்பாள். கோப்பு போன இடத்தில், வெள்ளி பேட்ஜ் பட்டியலில் இருக்கும் ஒரு வரிதான் அந்தப் பெண் படையில் இருந்ததற்கே மிச்சமிருக்கும் சாட்சியாக இருக்கலாம். 1918 வாக்காளர் பட்டியலில் தேடலாமே என்று தோன்றும். அப்போது பெண்களில் ஓட்டு கிடைத்தது முப்பது வயது ஆனவர்களுக்கு மட்டும், அதற்கும் மேலே சொத்துத் தகுதி வேறு. தொழிற்சாலையில் இருந்த இருபது வயதுப் பெண்ணை அங்கே பார்க்க முடியாது. குண்டு செய்ய வயது போதும், ஓட்டுப் போடப் போதாது என்றிருக்கிறார்கள்.

நண்பர்களே, பேட்ஜ்களை விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வாங்கியிராவிட்டால் பல பேட்ஜ்கள் உருக்குக் கடைக்குப் போயிருக்கும். நான் கேட்பதெல்லாம் இதுதான். வாங்கியதும் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விட்டால் மழுங்கிய எண்ணும் எழுந்து வரும். பாலிஷ், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். ஊசி உடைந்திருந்தாலும் பற்றவைத்துப் புது ஊசி போடாதீர்கள், அந்த வேலையில் எண் போய்விடலாம். எங்கே, எப்போது, எந்த வீட்டுப் பொருளோடு வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதனுடனேயே வையுங்கள். விற்கும்போது அந்தச் சீட்டும் சேர்ந்து போகட்டும். படம், கடிதம், பேட்ஜ் மூன்றும் ஒரு வீட்டுப் பொருளாக வந்தால் ஒரு பொருளாகவே விற்றுவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எண்ணுக்குப் பொருந்தாத கதையை ஒட்டவைக்காதீர்கள். முக்கோண பேட்ஜ் ஒன்று கையில் இருந்தால், “பார்ன்போ வெடிவிபத்தில் இறந்த பெண்ணுடையது” என்று எழுதினால் விலை ஏறும். அப்படி எழுதிய நாளிலிருந்து அந்த பேட்ஜின் உண்மையான சொந்தக்காரி இரண்டாவது தடவையாகத் தொலைந்துபோகிறாள். தெரியாததைத் தெரியாது என்று சீட்டில் எழுதுங்கள். பின்னால் வருகிறவருக்கு அந்த வெற்றிடமே பெரிய உதவி.

குடும்பம் கிடைத்துவிட்டால் அவசரப்பட்டுப் பொதுவில் பெயரைப் போடாதீர்கள். முதலில் ஒரு தனிக் கடிதம். நான் எழுதிய இரண்டு குடும்பங்களில் ஒன்று மறுவாரமே பதில் போட்டது. பேத்தி வந்து வாங்கிக்கொண்டார். பாட்டி போரில் இருந்ததே அவருக்குத் தெரியாது. மற்றக் குடும்பம், அந்தப் பாட்டியைப் பற்றிப் பேச விருப்பமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் எழுதியது. அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த பேட்ஜ் என்னிடம்தான் இருக்கிறது, பெயர் எழுதிய சீட்டோடு.

கடைசியாக ஒரு யோசனை. முக்கோண பேட்ஜ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக் குறிப்பேடு தொடங்குவோம். எண், பின்பக்கப் படம், கூட வந்த காகிதத்தில் ஏதாவது தொழிற்சாலைப் பெயரோ ஊரோ இருந்தால் அது, இவ்வளவு போதும். காகிதத்தோடு வந்த எண்கள் ஒரு முப்பது நாற்பது சேர்ந்தால், ஒரே தொழிற்சாலைக்குப் போனவை அடுத்தடுத்து விழுகின்றனவா என்று பார்க்கலாம். விழுந்தால், காகிதம் இல்லாத எண்களுக்கும் ஓர் ஊராவது கிடைக்கும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். முதல் வரியை நானே எழுதித் தருகிறேன்: லீட்ஸ், ஞாயிறு சந்தை, பித்தளை முக்கோணம், 1916, காகிதம் எதுவும் இல்லை, கடைசி இரண்டு எண்கள் தேய்ந்துவிட்டன.

அன்புடன்,
லீட்ஸிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு செவிலி